குடியுரிமை எடுப்பதா, வேண்டாமா: விண்ணப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

வேற்று நாட்டில் ஐந்தாறு ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். நிரந்தர வதிவிட உரிமை கையில் இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இனி இந்த நாட்டுக் குடியுரிமையையும் எடுத்துவிடலாமா? பலர் இதை மனசாட்சியோடு மட்டும் பேசித் தீர்க்கப் பார்க்கிறார்கள். பிறந்த மண்ணை விட்டுக்கொடுப்பதா என்ற தவிப்பு நியாயமானதுதான், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்தத் தவிப்போடு உட்காரும் முன்பு, சட்டம் சொல்லும் சில விடைகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவை தெரியாமல் எடுத்த முடிவுதான் பின்னால் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. எனவே கீழே உள்ள வேலைகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் சில தவறுகளைத் திருத்தவே முடியாது.

கையில் இருப்பது எவ்வளவு உறுதியானது?

“நிரந்தரம்” என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். நிரந்தர வதிவிடம் என்பது ஓர் அனுமதி. அதற்கு நிபந்தனைகள் உண்டு, அவற்றை மீறினால் அது காலாவதியாகும். பிரிட்டனில் காலவரையற்ற தங்கும் உரிமை பெற்றவர் தொடர்ந்து 2 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அந்த உரிமை தானாகவே போய்விடும். கனடாவில் எந்த 5 ஆண்டுகளை எடுத்தாலும் அதில் 730 நாட்களாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நிரந்தர விசாவில் தங்கும் உரிமைக்குக் கெடு இல்லை, ஆனால் வெளியே போய்த் திரும்பி வரும் உரிமை பொதுவாக 5 ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு திரும்பி வரத் தனி விசா வாங்க வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர் முன்அனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால், அவர் அங்கே குடியிருப்பதைக் கைவிட்டுவிட்டார் என்று எல்லை அதிகாரி முடிவு செய்ய இடமுண்டு.

இது எப்போது கடிக்கும்? ஊரில் தாய்க்குப் பக்கவாதம் வருகிறது. பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை வேலையை விட்டுவிட்டுப் போகிறார். ஆறு மாதம் என்று நினைத்தது இரண்டரை ஆண்டுகளாகிறது. திரும்பி வரும்போது 15 ஆண்டுகள் உழைத்து வாழ்ந்த நாட்டின் வாசலில் அவர் புதியவராக நிற்கிறார். குடியுரிமை பெற்றவருக்கு இந்தக் கெடு கிடையாது, எத்தனை ஆண்டு கழித்தும் திரும்பலாம். இன்னொன்றும் உண்டு. கடுமையான குற்றத் தீர்ப்பு ஒன்று வந்தால் நிரந்தர வதிவிடம் உள்ளவரை நாடு கடத்தலாம், குடிமகனைப் பொதுவாக அப்படிச் செய்ய முடியாது.

அனுமதியின் விதிகள் உங்களைக் கேட்காமலே மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்து, 1973க்கு முன்பே அங்கே குடியமர்ந்தவர்கள் முழு உரிமையோடுதான் வாழ்ந்தார்கள். ஆனால் அதை நிரூபிக்கும் காகிதம் பலரிடம் இல்லை. சோதனைகள் இறுகியபோது வேலையும் வாடகை வீடும் மருத்துவமும் மறுக்கப்பட்டு, சிலர் நாடு கடத்தவும் பட்டார்கள். 2018இல் அது பெரும் விவகாரமாக வெடித்த பிறகுதான் அரசு மன்னிப்புக் கேட்டது. வாழ்நாள் முழுவதும் வரி கட்டியிருந்தும் அந்த மனிதர்களுக்கு அது நடந்தது.

ஆகவே முதல் வேலை: உங்கள் வதிவிட அனுமதியின் கெடுவை அரசின் இணையதளத்தில் தேடி, ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, வரும் 10 ஆண்டுகளில் நீங்கள் ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருக்க நேரக்கூடிய காரணங்களை எழுதுங்கள். பெற்றோரின் வயது, வேலை மாற்றம், பிள்ளைகளின் மேற்படிப்பு. இரண்டும் மோதினால், இப்போது வைத்திருக்கும் அனுமதி உங்களுக்குப் போதாது.

பிறந்த நாடு என்ன சொல்கிறது?

இதுதான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம். பெரும்பாலானோர் புதிய நாட்டின் விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டு, பழைய நாட்டின் சட்டத்தை நண்பர்கள் சொல்லக் கேட்டு நம்பிவிடுகிறார்கள். உங்கள் பழைய குடியுரிமைக்கு என்ன ஆகும் என்பதைப் பழைய நாட்டின் சட்டமே தீர்மானிக்கிறது.

சில நாடுகளுக்கு நீங்கள் வேறு குடியுரிமை எடுப்பதில் எந்த ஆட்சேபமும் இல்லை. டென்மார்க் 2015இலும் நார்வே 2020இலும் ஜெர்மனி 2024 ஜூனிலும் இரட்டைக் குடியுரிமைக்கு வழி திறந்தன.

சில நாடுகளில், வேறொன்றை விரும்பி எடுத்த அந்தக் கணமே பழையது தானாக முடிந்துவிடும். இந்தியா இந்த வகை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இங்கே “நான் இன்னும் துறக்கவில்லையே, பாஸ்போர்ட் என்னிடம்தானே இருக்கிறது” என்ற வாதம் செல்லாது. புதிய நாட்டில் உறுதிமொழி எடுத்த நாளோடு பழைய பாஸ்போர்ட் செல்லாத தாளாகிறது. அதில் ஒரே ஒரு பயணம் செய்தாலும் குற்றம். அதை ஒப்படைத்து ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை) கிடைக்காது. ஓ.சி.ஐ. அட்டையின் பெயரில் “குடிமகன்” என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. வாழ்நாள் முழுக்க வந்துபோகும் விசாவோடு சில சலுகைகள் சேர்ந்தது, அவ்வளவே. வாக்கு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஏற்கெனவே குடும்ப நிலம் வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தால், அதை முடித்துவிட்டு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது வகை, கேட்டால் அனுமதிக்கும் நாடுகள். இலங்கைச் சட்டப்படி வேறு குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போகும். ஆனால் எடுப்பதற்கு முன்பே அதைத் தக்கவைக்கவோ, எடுத்த பிறகு மீண்டும் பெறவோ விண்ணப்பிக்கலாம். 2022இல் வந்த 21ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்துக்குப் போக முடியாது என்பதையும் பொது வாழ்வில் நாட்டமுள்ளவர்கள் கணக்கில் வைக்க வேண்டும். வேறு சில நாடுகள் “முன்பே கேட்டால் உண்டு, பிறகு கேட்டால் இல்லை” என்கின்றன. இங்கே தேதிதான் எல்லாம். அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் உறுதிமொழி விழாவுக்குப் போய்விட்டால் வாய்ப்பு போனது போனதுதான்.

கடைசி வகை, விட விரும்பினாலும் எளிதில் விடாத நாடுகள். ஈரானியச் சட்டப்படி குடியுரிமையைத் துறக்க 25 வயது நிறைந்திருக்க வேண்டும், அமைச்சரவையின் அனுமதி வேண்டும், ஆண்கள் கட்டாய இராணுவ சேவையை முடித்திருக்க வேண்டும். இத்தகைய நாட்டிலிருந்து வந்தவர், புதிய பாஸ்போர்ட்டோடு பழைய நாட்டுக்குப் போனாலும் அங்கே அவர் அந்நாட்டுக் குடிமகனாகவே நடத்தப்படுவார். 1930ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஒருவரின் இரண்டு நாடுகளில் ஒன்று, மற்ற நாட்டுக்கு எதிராக அவருக்குத் தூதரகப் பாதுகாப்பு தர முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் எங்கும் காப்பாற்றப்படுவோம் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது.

இரண்டாவது வேலை: உங்கள் நாடு எந்த வகை என்று தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் கேட்ட விடை பிறகு உதவாது.

இரு குடியுரிமைக்கு நடுவே இருக்கும் பள்ளம்

புதிய நாடே “பழையதைத் துறந்துவிட்டு வா” என்று கேட்கும் சூழ்நிலையில்தான் பெரிய ஆபத்து. ஆஸ்திரியா, ஜப்பான், சிங்கப்பூர் போன்றவை பொதுவாக அப்படிக் கேட்பவை. பழையதைத் துறந்த பிறகு புதிய விண்ணப்பம் ஏதோ காரணத்தால் நிராகரிக்கப்பட்டால், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவருக்கு பாஸ்போர்ட் கிடையாது, பல இடங்களில் சட்டப்படி வேலை கிடையாது, திருமணப் பதிவுகூடச் சிக்கலாகும்.

இதைத் தவிர்க்க ஒழுங்கான நாடுகள் ஓர் இடைநிலைக் கடிதம் தருகின்றன. ஆஸ்திரியா அப்படித்தான் செய்கிறது: மற்ற நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறியபின், “2 ஆண்டுகளுக்குள் பழைய குடியுரிமை நீங்கியதைக் காட்டினால் எங்கள் குடியுரிமை தருவோம்” என்று எழுத்தில் உறுதி தரும். 1961ஆம் ஆண்டின் நாடற்ற நிலை குறைப்பு உடன்படிக்கையும், வேறு குடியுரிமை கையில் இல்லாமலோ உறுதியாகாமலோ ஒருவர் துறப்பதால் குடியுரிமை போய்விடக் கூடாது என்கிறது. ஆனால் எல்லா நாடுகளும் அதில் கையெழுத்திடவில்லை. எனவே விதி ஒன்றே: எழுத்துவடிவ உறுதி கைக்கு வரும்வரை துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உறுதிக் கடிதம் வந்த பிறகு நடத்தையிலும் வருமானத்திலும் குறை வந்தால் அது திரும்பப் பெறப்படலாம். அந்த மாதங்களில் வேலையை விடுவது, அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது போன்றவற்றைத் தள்ளிப்போடுங்கள்.

வருவதும் போவதும்

வாக்கு, அரசு வேலை, நல்ல பாஸ்போர்ட், குடும்பத்தினரை அழைத்துவரும் எளிமை ஆகியவற்றைத்தான் எல்லோரும் வரவுப் பக்கத்தில் எழுதுவார்கள். உங்கள் நாட்டில் அவை உண்மையிலேயே குடியுரிமையோடுதான் வருகின்றனவா என்று பாருங்கள். நியூசிலாந்தில் நிரந்தரமாகத் தங்குபவர்களே ஓராண்டு வாழ்ந்தபின் தேசியத் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டனில் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு, அதாவது இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும், சட்டப்படி தங்கியிருந்தால் வாக்குரிமை உண்டு. ஓய்வூதியமும் பல நாடுகளில் செலுத்திய பங்களிப்பைச் சார்ந்ததே தவிர, குடியுரிமையைச் சார்ந்தது இல்லை.

செலவுப் பக்கத்தில் வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கக் குடிமகன் உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் அமெரிக்காவுக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள மொத்தத் தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தனியே அறிவிக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவருக்கும் இதே கடமைதான். ஆனால் கார்டை முறைப்படி திருப்பிக் கொடுத்துவிட்டால் கடமை முடியும், குடிமகனுக்கோ குடியுரிமையைத் துறந்தால்தான் முடியும். ஓய்வுக்குப் பின் ஊருக்கே திரும்பப் போகிறவர் இதை ஒரு வரி ஆலோசகரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். கடந்த 15 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் கிரீன் கார்டு வைத்திருந்தவரும் வெளியேறும்போது தனி வரி விதிகளுக்குள் வரக்கூடும் என்பதால், காத்திருப்பதும் இலவசமில்லை.

கட்டாய இராணுவ சேவையிலும் இதே கவனம் வேண்டும். சிங்கப்பூரில் பெற்றோர் வழியாக நிரந்தர வதிவிடம் பெற்ற ஆண் பிள்ளைகளுக்கே தேசிய சேவைக் கடமை உண்டு. “குடியுரிமை எடுக்காவிட்டால் தப்பிக்கலாம்” என்ற கணக்கு அங்கே பொய்த்துப் போகும்.

வீட்டில் எல்லோரும் ஒன்றாகவா?

கணவன் மனைவியில் ஒருவர் புதியதை எடுத்து, மற்றவர் பழையதை வைத்துக்கொள்ளும் வழி பரவலாக இருக்கிறது. நிலம், சொத்து, திரும்பும் வழி ஆகியவற்றைக் காக்க இது உதவும்தான். ஆனால் வதிவிட உரிமை மட்டும் உள்ளவரின் விசா துணைவரைச் சார்ந்ததாக இருந்தால் எச்சரிக்கை தேவை. மணமுறிவோ மரணமோ நேர்ந்தால் அவருடைய நிலை ஆட்டம் காணும். சொந்தக் காலில் நிற்கும் நிரந்தர வதிவிடத்தை அவர் முதலில் வாங்கிக்கொள்ளட்டும், பிறகு இந்த ஏற்பாட்டுக்குப் போகலாம். வீட்டில் வலுவற்ற நிலையில் இருப்பவர் யாரோ, அவருடைய உறுதியை முதலில் பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் 18 வயது ஒரு சுவர். அமெரிக்காவில் பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெறும்போது, 18 வயது நிறையாத பிள்ளை கிரீன் கார்டோடு அவருடைய சட்டபூர்வப் பொறுப்பில் அங்கே வசித்தால், தானாகவே குடியுரிமை பெறும். 18ஐத் தாண்டிவிட்டால் அந்தப் பிள்ளை தனியாக, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். மூத்த பிள்ளைக்கு 16 வயதென்றால், விண்ணப்பம் முடிய ஆகும் காலத்தைக் கூட்டிப் பார்த்து இப்போதே தொடங்குங்கள். தானாகக் கிடைத்தாலும் அதற்கான சான்றிதழையோ பாஸ்போர்ட்டையோ உடனே வாங்கிவையுங்கள். வளர்ந்தபின் நிரூபிக்கத் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அகதியாக வந்தவர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு இந்த முடிவில் தயக்கத்துக்கு இடம் குறைவு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 34ஆம் பிரிவு, அகதிகள் குடியுரிமை பெறுவதை நாடுகள் இயன்றவரை எளிதாக்க வேண்டும் என்கிறது. குடியுரிமை வரும்வரை பழைய நாட்டின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காதீர்கள், அங்கே போய் வராதீர்கள். அந்நாட்டின் பாதுகாப்பை நீங்கள் மறுபடி ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, அகதி நிலையையே நீக்க உடன்படிக்கையில் இடமிருக்கிறது.

நாட்களை எண்ணுவது

எடுப்பது என்று முடிவானால், விண்ணப்பம் தோற்பதற்கு மிக எளிய காரணம் நாட்கணக்கு. பிரிட்டனில் வழக்கமான வழியில் கடந்த 5 ஆண்டுகளில் 450 நாட்களுக்கு மேலும், கடைசி 12 மாதங்களில் 90 நாட்களுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. முழு நாளாக வெளியே இருந்தவை மட்டுமே எண்ணப்படும், புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் சேராது. அதோடு, விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக 5 ஆண்டுகள் முன்பு, அதே நாளில் நீங்கள் நாட்டில் இருந்திருக்க வேண்டும். அன்று விடுமுறையில் வெளியே இருந்த ஒரே காரணத்தால் விண்ணப்பம் விழக்கூடும், தேதியைச் சில நாள் தள்ளிப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். கனடாவில் 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் வேண்டும். நிரந்தர வதிவிடத்துக்கு முன் மாணவராகவோ பணியாளராகவோ இருந்த நாட்கள் அரை நாளாக எண்ணப்படும், அப்படிச் சேர்வது 365 நாட்களுக்கு மேல் போகாது. அமெரிக்காவில் 5 ஆண்டுகளில் 30 மாதங்கள் உள்ளே இருந்திருக்க வேண்டும். அதோடு, ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டு, அறுபடவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

பயணம் ஒவ்வொன்றுக்கும் புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, இடம், காரணம் என்று அட்டவணை போடுங்கள். தானியங்கி வாயில்கள் முத்திரை குத்துவதில்லை, ஆகவே பயணச்சீட்டு மின்னஞ்சல்களையும் வங்கிக் கணக்கையும் வைத்துச் சரிபாருங்கள். வரம்புக்கு மேல் மூன்று நான்கு வார இடைவெளி விட்டு விண்ணப்பியுங்கள். ஒரு நாள் குறைந்தாலும் கட்டணம் திரும்பி வராமல் போகலாம்.

காகிதங்களில் அடிக்கடி இடறுவது பெயர். ஒன்றில் முதலெழுத்து, இன்னொன்றில் விரித்த தந்தை பெயர், மூன்றாவதில் வேறு எழுத்துக்கூட்டு. மூன்றும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்பே எடுத்துவையுங்கள். காவல்துறை நற்சான்றிதழுக்குச் செல்லுபடிக் காலம் குறைவு என்பதால் அதை மட்டும் கடைசியில் வாங்குங்கள். போக்குவரத்து அபராதம், பழைய வழக்கு, முந்தைய விசா மறுப்பு எதையும் மறைக்க வேண்டாம். சொல்லிவிட்ட சிறு தவறு பெரும்பாலும் மன்னிக்கப்படும். மறைத்தது 20 ஆண்டுகள் கழித்து வெளிவந்தாலும், பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமை என்று அதைப் பறிக்கப் பல நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. குடியுரிமைத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அரசு வெளியிட்ட கையேட்டைப் படித்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

காத்திருக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஓரிரு ஆண்டில் ஊர் திரும்பி, குடிமக்களுக்கு மட்டுமான பதவிக்குப் போக இருப்பவர், ஊரில் நில வழக்கோ பாகப்பிரிவினையோ நடுவில் இருப்பவர், பழைய நாட்டின் தூதரகப் பதிலுக்குக் காத்திருப்பவர் அவசரப்பட வேண்டாம். இவர்கள் தவிர, பத்தாண்டுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து, இங்கேயே முதுமையும் காணப்போகிறவர்கள் எடுத்துவிடுவதுதான் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. உங்கள் வாழ்க்கையின் விதிகளை எழுதும் அவையில் உங்களுக்கும் ஒரு வாக்கு இருக்க வேண்டும்.

உறுதிமொழிக்குப் பிறகு வரும் வாரங்கள்

விழா முடிந்த கையோடு வெளிநாட்டுப் பயணம் வைக்காதீர்கள். அமெரிக்காவில் விழாவிலேயே கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பிரிட்டனில் குடியுரிமை வந்ததும் பழைய வதிவிட அனுமதி முடிந்துவிடும். புதிய பாஸ்போர்ட் வரும்வரை, திரும்பி நுழையக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. இந்திய வம்சாவளியினருக்கு ஒப்படைப்புச் சான்றிதழ், ஓ.சி.ஐ. என்று அதன்பின் மேலும் சில வாரங்கள் போகும். நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால் புதிய பாஸ்போர்ட்டில் விசா வாங்கித்தான் போக வேண்டும். பெற்றோர் உடல்நலம் சரியில்லாத நேரத்தில் விழாத் தேதி வந்தால், தேதியை மாற்றித் தரும்படி கேட்கலாம். தயங்காமல் கேளுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: சான்றிதழைச் சரிபார்த்து எழுத்துப்பிழை இருந்தால் அன்றே சொல்வது, பாஸ்போர்ட் விண்ணப்பம், வாக்காளர் பட்டியல், சமூகப் பாதுகாப்புப் பதிவில் நிலை மாற்றம், பழைய பாஸ்போர்ட் ஒப்படைப்பு, ஊரிலுள்ள வங்கிக் கணக்குகளுக்குத் தெரிவிப்பது. ஒப்படைக்கும் முன் பழைய பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, வண்ணத்தில் நகலெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஓய்வூதியக் கணக்கிலோ, பிள்ளையின் குடியுரிமை நிரூபணத்திலோ, வாரிசுச் சான்றிதழிலோ அந்த முத்திரைகள் 30 ஆண்டுகள் கழித்தும் கேட்கப்படும்.